கஞ்சிக்கு உப்புப் பார்ப்பவர்

நாலரை மணிக்கு மேல் கஞ்சியில் உப்புப் போட முடியாது. போட்டால் அது கஞ்சியோடு சேராமல் மேலாக நின்றுவிடும். ஐந்து மணிக்குப் பள்ளிவாசலின் பின்கதவைத் திறந்தாக வேண்டும். வெளியே தூக்குப்போசியும் சொம்புமாக வரிசை நின்றிருக்கும். அதனால் கஞ்சி காய்ச்சும் மைதீன் பிச்சைக்கு நோன்பு மாதத்தில் ஒரு நாள் என்பது நாலரை மணியோடு முடிந்துவிடும்.

உப்பு சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரே வழிதான். வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அவரோ நோன்பு. அண்டாவைச் சுற்றி நிற்கிற எல்லோரும் நோன்பு.

விறகு கொண்டுவரும் மாசாணம் ஒருவருக்குத்தான் நோன்பு இல்லை. அவர் ஆனைமலை மாசாணியம்மனுக்கு விரதம் இருக்கிறவர். கஞ்சியைக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாருக்குங்க" என்பார். ஒரு நாள் பிச்சை சோதித்துப் பார்ப்பதற்காக உப்பே போடாமல் கொடுத்தார்.

"நல்லாருக்குங்க பாய்."

"உப்பு?"

"அதுவும் நல்லாருக்குங்க."

ஓசியில் வாங்கிக் குடித்த கஞ்சிக்குக் குறை சொல்லும் பழக்கம் கோயமுத்தூரில் இல்லை. சிறுபிள்ளைகளிடம் கொடுத்தால் கறி எங்கே என்று கேட்டார்கள்.

சமைக்கிறவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், அனுமதி உண்டு என்று தொழவைக்கும் ஹஜ்ரத் சொன்னார். பிச்சை ஒருதரம் அப்படியும் செய்தார். விடியற்காலையிலிருந்து வறண்டு கிடந்த நாக்கு அது. கஞ்சி பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்ப மனம் வரவில்லை. துப்பினார். உப்பைப் பற்றி அந்த நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று மட்டும் சொன்னது.

ஆனாலும் பிச்சை மாஸ்டரின் கஞ்சிக்கு இத்தனை வருடமும் உப்புத் தப்பியதில்லை. கைராசி என்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

அந்தக் கைராசி தினமும் நாலு மணிக்கு ஒரு சொம்பில் மூடி போட்டு அவர் வீட்டுக்குப் போய்வந்தது.

சொம்பை அவர் மனைவி ஆமினா பீவி வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போவாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "இன்னும் அரைக்கை போடுங்க" என்பாள். அல்லது, "போதுமுங்க" என்பாள். யார் குடித்துப் பார்த்தது என்று பிச்சை கேட்டதில்லை. ஆமினா நோன்பு. மகள்கள் மூவரும் நோன்பு. எல்லோரும் விடியுமுன் எழுந்து சஹர் சோறு சாப்பிட்டார்கள். எல்லோரும் அந்தியில் பேரீச்சம்பழம் கடித்து நோன்பு திறந்தார்கள். அத்தனை பெண்களும் மாதம் முழுக்க நோன்பு வைத்த வீட்டிலிருந்துதான் மாதம் முழுக்க உப்புச் செய்தி வந்துகொண்டிருந்தது.

இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. மார்க்கத்திலேயே உள்ளதுதான். விட்டுப்போனதைப் பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை பயான் உரையில் ஹஜ்ரத்தே மைக்கில் சொல்வார். மைக்கில் சொன்னதை வீட்டில் சொல்லத்தான் வழக்கம் இல்லை.

1995இல் சிக்கல் வந்தது. மூத்த மகள்கள் இருவரும் முன்பே கல்யாணமாகிப் போயிருந்தார்கள். கடைசி மகள் இல்மாவையும் ஐப்பசியில் மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆமினாவுக்குச் சில வருடங்களாகவே முழு மாதமும் உண்மையான நோன்பு. வீட்டில் மீதி இருந்தது மருமகள் ரம்ஷா. சூலூர்க்காரி. மகன் ஜாவித்தைக் கட்டி வந்து அரை வருடம் ஆகியிருந்தது. ஜாவித் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வாரம் ஒருதரம் வந்து துணி துவைக்கப் போட்டுவிட்டுப் போவான்.

ஒரு மருமகளை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்ட முடியாது. முதல் வாரம் கஞ்சி கரித்தது. அடுத்த வாரம் ஆளாளுக்குச் சட்டைப்பையில் ஊறுகாய்ப் பொட்டலத்தோடு நோன்பு திறக்க வந்தார்கள். பிச்சை அருகில் வந்தால் பொட்டலத்தை மறைத்துக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் அவரை மிகவும் வாட்டியது.

கடைசியில் தாரிக் வந்தார். தாரிக் ஜமாஅத்தின் செயலாளர். உக்கடத்தில் இரும்புக் கடை. நாற்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் எதையும் தள்ளிப்போடாதவர்.

"மாஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"நேத்து கஞ்சி குடிச்சுப்போட்டு எங்கத்தா விடாமத் தண்ணி குடிச்சாருங்க. அப்பறம் தராவீஹ் தொழுகையில பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாரு. திரும்பி வந்தவரு, பிச்சைகிட்டச் சொல்லிப்போடு, தொழுக விடச் சொல்லுன்னாரு."

பிச்சை அகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருபத்தேழாம் ராத்திரிக்கு மேட்டுப்பாளையத்து ஜமாஅத்துல இருந்து ஆளுக வாராங்க. அன்னிக்குக் கஞ்சி சரியா இருக்கோணுமுங்க. இல்லீன்னா காரமடையில ஒரு மாஸ்டர் இருக்காரு. மிச்ச நோன்புக்கு அவரைக் கூப்படலாம்னு கமிட்டியில பேசிக்கறாங்க. அடுத்த வருசத்துக்கும்தான்."

"அவரும் நோன்பு வெக்கறவருங்களா?"

"வெக்கறவருதானுங்க. ஆனா உப்புத் தப்பறதே இல்லையாம்."

"அவருக்கு எத்தனை பொண்ணுங்க?"

தாரிக்குக்குக் கேள்வி புரியவில்லை. "ஆறுன்னு கேள்வி. ஏனுங்க?"

"சும்மா கேட்டேன்" என்றார் பிச்சை.

மற்ற மாதங்களில் அவர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போய்ப் பிரியாணி இறக்கிவிட்டு வருகிற சமையல்காரர். பந்தி முடிந்தபின் யாரும் பெயர் கேட்பதில்லை. நோன்பு மாதத்தில்தான் அவர் மாஸ்டர். பெரிய கடைக்காரர்களும் அவருக்கு முந்திக்கொண்டு சலாம் சொல்கிற மாதம் அது ஒன்றுதான். அகப்பை காரமடைக்குப் போய்விட்டால் அவரும் ஒரு தூக்குப்போசியோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இருபத்தேழாம் இரவுக்கு முந்தைய பகல். காலையில் பிச்சை கூடத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். ஆமினா முறத்தில் வெந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, இன்னிக்குச் சொம்பு கொண்டாரட்டா?"

"கொண்டாங்க."

"கொண்டாந்தா?"

"வாங்கி வெப்பேன்."

"அதில்ல. வாங்கி வெச்சா, அதைய..."

"அதைய?"

பிச்சை மேலே பார்த்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதில் பார்க்க எதுவும் இல்லை.

"ஏனுங்க, நேராக் கேட்டா என்ன? ஊட்டுல இருக்கறது ஒரே மருமக."

"நான் ஒண்ணும் கேக்கலை."

அடுப்படியிலிருந்து ரம்ஷா வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவோரம் நின்றாள்.

"இன்னிக்குப் பாத்துச் சொல்றனுங்க மாமா. நேத்தே சொல்லியிருப்பேன். நீங்க கொண்டாரலை."

பிச்சை தரையைப் பார்த்தார். முகத்தில் இருந்த நிம்மதியை மறைக்க வேண்டியிருந்தது.

"ஆனா ஒண்ணுங்க. நேத்து மத்தியானம் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவுல உக்காந்து தின்னேன். நீங்க வந்து செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டுச்சு. வாயில இருந்ததை முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. அப்படியே எந்திரிச்சு நின்னேன். நீங்க என்னைப் பாத்து, நோன்பு எப்படி இருக்குது கண்ணுன்னு கேட்டீங்க. தலைய ஆட்டுனேன்."

பிச்சைக்கு நினைவிருந்தது. மருமகள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை, நல்ல அடக்கம் என்று ஆமினாவிடம் சொல்லியிருந்தார்.

"இன்னிக்குக் கூடத்துல உக்காந்து சாப்புடறனுங்க. ஃபேனுக்கு அடியில, தட்டுல போட்டு."

"கதவைச் சாத்திக்குவியா?"

"புழுக்கமா இருக்குமுங்க."

"யாராச்சும் வந்தா?"

"வரட்டுங்க. கேட்டா, எனக்கு இன்னிக்கு நோன்பு இல்லைன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் வருத்தப்பட மாட்டேன். ஹஜ்ரத்து மைக்குல சொன்னதுதானுங்களே."

ஆமினா முறத்தைத் தட்டினாள். "நானும் என்ர காலம் பூரா சிலிண்டருக்குப் பின்னாலதான் தின்னேன்."

"அப்ப ஏது சிலிண்டர்?" என்றார் பிச்சை.

"விறகுக் கட்டுக்குப் பின்னால. பூரான் வேற இருக்கும்."

பிச்சை எழுந்து தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் கேக்கலை. ஒண்ணும் சொல்லலை. நாலு மணிக்குச் சொம்பு வரும்."

அது சம்மதம். அதைவிடத் தெளிவாக அவருக்குச் சொல்லத் தெரியாது.

மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தார். மாசாணம் புளிய விறகை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நொய்யும் பாசிப்பருப்பும் கழுவியாயிற்று. பூண்டு வரவில்லை. கஞ்சிக்கு வேண்டிய பூண்டை அந்தத் தெருப் பெண்கள் முறை வைத்து வீட்டிலேயே உரித்துக் கொடுப்பார்கள். புதினா ஆய்வதும் தேங்காய்ப் பால் பிழிவதும் அவர்கள்தான். அதற்குப் பிறகு நடப்பது சமையல், அதை ஆண்கள் செய்தார்கள். அன்று பூண்டு ஆமினாவின் முறை.

பிச்சை தானே வாங்கிவரப் போனார். வாசலில் செருப்பை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழற்றினார். இருமினார். மீண்டும் இருமினார்.

உள்ளே ரம்ஷா எழுந்திருக்கவில்லை. கூடத்தின் நடுவே, மின்விசிறிக்குக் கீழே, பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு, பருப்பு, கத்திரிக்காய் வதக்கல், தட்டின் ஓரத்தில் ஒரு அப்பளம். அவர் உள்ளே வந்த நேரத்தில்தான் அப்பளத்தை நொறுக்கினாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

பிச்சை சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி நின்றார்.

"பூண்டு."

"அடுப்படியில முறத்துல இருக்குதுங்க மாமா. மாமி உரிச்சு வெச்சுப்போட்டு வேட்டித்துணி வாங்கப் பக்கத்து ஊட்டுக்குப் போயிருக்காங்க. பால் வடிகட்டறதுக்கு."

ஊரெல்லாம் சமைத்தவர் தன் வீட்டு அடுப்படிக்குள் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. முறம் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டு இரண்டடி வைத்தார். வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"மாஸ்டர் இருக்கீங்களா?" தாரிக்கின் குரல். வந்த வேகத்தில் படியேறி விட்டார்.

அடுத்து நடந்ததைப் பிச்சை யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. குனிந்து ரம்ஷாவின் முன்னால் இருந்த தட்டைப் பிடுங்கினார். அவள் எழுந்து நகர்ந்தாள். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார். தாரிக் நிலைப்படியில் தெரிந்தபோது மைதீன் பிச்சை மடியில் சோற்றுத் தட்டும் கையில் பாதி அப்பளமுமாக மின்விசிறிக்குக் கீழே வீற்றிருந்தார்.

தாரிக் பார்த்தார். அப்பளத்தைப் பார்த்தார். மாஸ்டரின் வாயைப் பார்த்தார்.

"வாங்க" என்றார் பிச்சை.

ரம்ஷா சுவரோரம் நின்றாள். பருக்கை ஒட்டிய வலதுகை முக்காட்டுக்குள் இருந்தது. தாரிக் மரியாதை தெரிந்தவர். அந்நியப் பெண் நிற்கும் பக்கம் அவர் கண் போகவே இல்லை. ஆகவே தட்டு மாஸ்டருடையதாகத்தான் இருக்க முடியும்.

"உடம்புக்கு ஏதாச்சும்ங்களா?"

"ஆமாங்க."

"சர்க்கரையா?"

"இருக்குமுங்க."

"சாப்புடுங்க, சாப்புடுங்க. நான் சும்மாதான் வந்தேன். மேட்டுப்பாளையத்து ஆளுக நாலு மணிக்கே வந்துருவாங்கன்னு சொல்ல வந்தேன். எந்திரிக்காதீங்க. உடம்பைப் பாத்துக்கங்க." தாரிக் பின்பக்கமாகவே படியிறங்கினார். ஸ்கூட்டரை உதைக்காமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார். நோயாளி வீட்டு வாசலில் சத்தம் கூடாதல்லவா.

காரணமில்லாமல் நோன்பை விடுவது ஆணுக்குப் பெரிய பாவம். மருமகள் சாப்பிட்டதோ பாவமே இல்லை. பாவமில்லாத ஒன்றை மறைக்கப் பிச்சை பாவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பளம் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இந்தா கண்ணு" என்று தட்டை நீட்டினார்.

ரம்ஷா வாங்கவில்லை. "அது உங்க தட்டுங்க மாமா."

"நான் தின்னலையே."

"தின்னதா அவரு பாத்துட்டுப் போறாருங்களே. நான் சும்மா நின்னுட்டிருந்ததையுந்தான் பாத்திருப்பாரு. அப்ப எனக்கு நோன்புங்க."

"கோவிச்சுக்காத. பாதியில விடாத, சாப்புடு."

"நோன்பு வெச்சுட்டு எப்படிங்க சாப்புடறது?"

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று பிச்சை நினைத்தார். முறத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். பூண்டோடு பள்ளிவாசலுக்குத் திரும்பினார்.

அவருக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எல்லோரும் அன்பாக இருந்தார்கள். ஹஜ்ரத் தனியே கூப்பிட்டு, நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, வெட்கப்பட வேண்டியதில்லை என்றார். பாத்திரக்கடைக்காரர் தன் சர்க்கரையின் வரலாற்றை முதலிலிருந்து சொன்னார். யாரோ ஓர் இளநீரை வெட்டிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"குடிங்க மாஸ்டர். அடுப்புக்கிட்ட நிக்கறீங்க."

"அப்பறமாக் குடிக்கறனுங்க."

"இங்க யாரு தப்பா நினைக்கப் போறா? குடிங்க."

இளநீரை மேடையில் வைத்தார். அது அவர் கண்ணெதிரிலேயே இருந்தது. மாசாணம் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாய், இத்தனை வருசமா உங்க முன்னால டீ குடிக்கச் சங்கடப்பட்டு அக்கட்டால போய்க் குடிச்சேனுங்க. இன்னிக்கு ரெண்டு டீயா வாங்கியாரட்டுங்களா?"

"வேண்டாம் மாசாணம்."

"சர்க்கரை இல்லாமச் சொல்றனுங்க."

அந்தத் தெருவில் அன்று பிச்சை வைத்த நோன்பைப் போல் வேறு யாரும் வைக்கவில்லை.

நாலு மணிக்குக் கஞ்சி குழைந்து வந்திருந்தது. கறியும் புதினாவும் வெந்தயமும் கலந்த மணம் பள்ளிவாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பிச்சை உப்பைக் கண்ணளவில் போட்டுக் கிளறினார். சொம்பில் மொண்டு, மூடி போட்டு, துண்டால் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் பார்த்தவர்கள், மாஸ்டர் தனக்குக் கஞ்சி கொண்டுபோகிறார் என்று எண்ணி ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஆமினா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ரம்ஷா எங்க?"

"சூலூர் பஸ் ஏறிப்போட்டா."

"என்னது?"

"இருபத்தேழாம் ராத்திரி அவங்கம்மா ஊட்டுல இருந்துட்டு நாளைக்கு வாராளாம்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமயா?"

"உங்ககிட்டச் சொல்லச் சொல்லி ஒரு சேதி சொன்னா. நோன்பு இருக்கறவ உப்புப் பாக்கக் கூடாதாம். தட்டைப் புடுங்குனவரே உப்பையும் பாத்துக்கட்டும்னா."

"நீ நிறுத்தக் கூடாதா?"

"எதுக்கு நிறுத்தோணும்? நானேதான் உக்கடத்துக்குக் கூட்டிட்டுப் போயி சீட்டுப் புடிச்சு உக்கார வெச்சுட்டு வந்தேன். அங்க கூடத்துலதான் சோறு போடுவாங்களாம்."

பிச்சையின் கையில் சொம்பு சுட்டது. துண்டை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அம்மணி, அகப்பை போயிருமாட்டா இருக்குது. பக்கத்து ஊட்டுல யாராச்சும்..."

"யாராச்சும்?"

"யாருக்காச்சும்..."

"என்னன்னு கேக்கட்டும்? நீங்களே கதவைத் தட்டிக் கேளுங்க. உங்களுக்கு அந்த வார்த்தையே வரமாட்டேங்குது. அதுக்கு நான் போயித் தூதா?" ஆமினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் உரிச்ச பூண்டுல கஞ்சி நல்லாத்தான் வந்திருக்கும். உப்பு உங்க பாடு."

பிச்சை சொம்போடு திரும்பினார். இந்தமுறையும் எல்லோரும் வழிவிட்டார்கள்.

பள்ளிவாசலின் பின்கட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. மேட்டுப்பாளையத்து விருந்தாளிகள் வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை. தாரிக் அவர்களுக்கு அண்டாவைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிச்சையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மதியத்திலிருந்து அவர் சும்மா இருக்கவில்லை. யோசித்திருந்தார்.

"வாங்க மாஸ்டர். உங்களுக்கு உடம்பு சரியில்லாததுலயும் ஒரு நல்லது இருக்குதுங்க. எனக்கு இப்பத்தான் தோணுச்சு. உங்களுக்கு இன்னிக்கு நோன்பு இல்லை. அப்ப உப்பை நீங்களே குடிச்சுப் பாத்துப்போடலாமுங்களே."

கூட்டத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. இத்தனை நாள் இது யாருக்கும் தோன்றவில்லையே என்றார் பாத்திரக்கடைக்காரர். வருடாவருடம் மாஸ்டருக்கு நோன்பு இல்லாமலிருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஹஜ்ரத் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததும் குரல் அடங்கியது.

தாரிக் தானே அகப்பையை எடுத்து அண்டாவில் மொண்டு பிச்சையின் கையில் கொடுத்தார். "ஊதிக் குடிங்க. சுடும்."

மணி நாலு இருபது தாண்டியிருந்தது.

பிச்சை அகப்பையை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் நோன்பு என்பது அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டுமே தெரியும். குடித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கஞ்சியில் நெய் மின்னியது. ஒரே ஒரு மடக்கு. உப்பு தெரிந்துவிடும், அகப்பை அவரிடமே இருக்கும், விருந்தாளிகள் மேட்டுப்பாளையம் போய்ப் புகழ்வார்கள். அவர் ஊதினார். ஆறும் வரை ஊதினார். ஆறிய பிறகும் ஊதினார்.

"ஆறிருச்சுங்க மாஸ்டர்" என்றார் தாரிக்.

மாசாணத்தால் பொறுக்க முடியவில்லை. "நான் வேணுமின்னாப் பாத்துச் சொல்லட்டுங்களா?"

"பாத்து?" என்றார் பிச்சை.

"நல்லாருக்குதுங்க."

அகப்பை இன்னும் மாசாணத்தின் கைக்கே போகவில்லை.

பிச்சை கஞ்சியைத் திரும்ப அண்டாவில் ஊற்றினார். அகப்பையை விளிம்பில் சாய்த்து வைத்தார்.

"நான் நோன்புங்க."

"மத்தியானம் நானே என் கண்ணால பாத்தனுங்களே."

"பாத்தது தட்டைங்க. தட்டு என்ர மருமகளோடது. அவளுக்கு இன்னிக்கு நோன்பு இல்லை. உங்க வண்டிச் சத்தம் கேட்டு நான் புடுங்கிக்கிட்டேன்."

தாரிக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தார். அது பேட்டரிக் கடிகாரம். விருந்தாளிகளில் பெரியவர் மினாராவில் புறா இருக்கிறதா என்று பார்த்தார். பாத்திரக்கடைக்காரர் தன் செருப்பில் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். ஹஜ்ரத், "மார்க்கத்துல உள்ளதுதான்" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாமல் அந்த வாக்கியம் அவ்வளவாக எடுபடவில்லை.

பிச்சை காத்திருந்தார். இத்தனை வருடம் வாயில் வராத வார்த்தை. சொல்லியாயிற்று. அண்டா முன்பு போலவே கொதித்துக்கொண்டிருந்தது. சொல்வது சோறு விழுங்குவதைப் போல ஒரு காரியமாகத்தான் இருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டுங்க" என்றார் தாரிக், யாரையும் பார்க்காமல். "இப்ப உப்புக்கு என்ன பண்றதுங்க? உங்க மருமகளையே கூப்படலாமுங்களா?"

"அவ சூலூருக்குப் போயிட்டா."

பிச்சை சொம்பிலிருந்த பழைய கஞ்சியை அண்டாவில் கொட்டினார். சுடச்சுடப் புதிதாக மொண்டார். விளிம்பைத் துண்டால் துடைத்தார். தெருவின் ஆண்கள் எல்லோரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். சொம்பை அவர்கள் முன்னால் நீட்டினார்.

"நேரமில்லைங்க. உங்க ஊடுகள்ல இன்னிக்கு யாருக்குங்க நோன்பு இல்லை?"